வாயிற்கூடம் தரும் வாக்கு



இன்று நாம் எடுத்துக்கொண்டுள்ள பொருள் சிறியது போலத் தோன்றும். அலுவலகக் கட்டடங்களின் வாயிற்கூடத்தைப் பற்றிச் சில சொல்லலாம் என்று வந்திருக்கிறேன். தெருவிலிருந்து படியேறி உள்ளே சென்றதும், மாடிப்படிக்கும் மின்தூக்கிக்கும் முன்பாக, ‘எந்த மாடிக்குச் செல்ல வேண்டும், யாரைக் கேட்க வேண்டும்’ என்று நாம் சற்றே தயங்கி நிற்கும் இடம் ஒன்று உண்டல்லவா? அதுவே வாயிற்கூடம். ‘லாபி’ என்று பலரும் வழங்குவது இதைத்தான்.

நகரங்களில் பழைய அலுவலகக் கட்டடங்கள் பல இருக்கின்றன. புதிய கட்டடங்கள் எழும்போது பழையவற்றின் மாடிகள் ஒவ்வொன்றாகக் காலியாகின்றன. கட்டடத்துக்கு உரியவர் கவலை கொள்கிறார். ‘வாடகைக்கு வருவோரை எப்படி அழைப்பது?’ என்று அறிந்தவர்களை வினவுகிறார். அவர்களிற் பெரும்பாலோர் கூறும் முதல் யோசனை, ‘வாயிற்கூடத்தைப் புதுப்பியுங்கள்’ என்பதே. இந்த யோசனை சரியா? வாயிற்கூடத்தைப் புதுப்பிப்பது வாணிகத் தந்திரமா, அல்லது அதில் வேறொரு நியாயமும் உண்டா? இதனை ஆராய்வதே நம் நோக்கம்.

வருவோரை வாயிலில் வரவேற்கும் கலை நமக்குப் புதியதன்று. நம் நாட்டு வீடுகளில் தெருவை ஒட்டித் திண்ணை இருந்தது. திண்ணையைக் கடந்தால் நடை. நடையைக் கடந்தால் முற்றமும் கூடமும். இந்த அமைப்பிலே ஓர் ஒழுங்கு இருந்தது. வழிப்போக்கனுக்குத் திண்ணை போதும். தெரிந்தவன் நடை வரையில் வருவான். உறவினன் கூடத்தில் வந்து அமர்வான். யார் எவ்வளவு தூரம் வரலாம் என்பதை ஒரு சொல்லும் பேசாமலே வீடு அறிவித்துவிடும். ஆயினும், வெயிலுக்கு ஒதுங்கி வந்தவனை ‘எழுந்து போ’ என்று திண்ணை சொன்னதில்லை.

எங்கள் மேல்விஷாரத்துப் பெரியவர் ஒருவரை இங்கே நினைவுகூர்வது பொருத்தம். தோல் வாணிகத்திலே பெரும் பொருள் ஈட்டிய நவாப் சி. அப்துல் ஹக்கீம் அவர்கள் 1863-இல் பிறந்து 1938-இல் மறைந்தவர். 1965-இல் எங்கள் ஊரில் தொடங்கப்பெற்ற கல்லூரி அவர் பெயரையே தாங்கி நிற்கிறது. அவர் சென்னையில், சென்ட்ரல் ரயில் நிலையத்தின் அருகே, பயணிகள் தங்குவதற்காகச் ‘சித்தீக் சராய்’ என்னும் விடுதியைக் கட்டுவித்தார். அது அலுவலகக் கட்டடம் அன்று, தருமச் சத்திரம். ஆனால் அந்த இடத் தேர்வைக் கவனியுங்கள். மூட்டையும் முடிச்சுமாய் ரயிலை விட்டு இறங்கி, பெரிய நகரத்தில் எவரையும் அறியாமல் திகைத்து நிற்கும் மனிதன் எந்த இடத்தில் நிற்பான் என்பதை அவர் எண்ணிப் பார்த்திருக்கிறார். வாயிற்கூடம் அமைப்பவன் எண்ண வேண்டியதும் அதுவே. வந்தவன் எங்கே தயங்குவான்? அந்த இடத்தில் அவனுக்கு என்ன வேண்டும்?

இனி, அலுவலகக் கட்டடத்துக்கு வருவோம். ஒரு கட்டடத்தில் இருபது நிறுவனங்கள் வாடகைக்கு இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் வழக்கறிஞர், ஒருவர் கணக்காய்வாளர், இன்னொருவர் ஏற்றுமதி வாணிகர். ஒவ்வொருவரும் தம் அறையைத் தம் விருப்பப்படி அமைத்துக்கொள்வர். ஆனால் அவர்களைத் தேடி வரும் கட்சிக்காரனும் வாடிக்கையாளனும் முதலில் காண்பது அவர்களுடைய அறையை அன்று. எல்லோருக்கும் பொதுவான வாயிற்கூடத்தையே காண்கிறான். அங்கே விளக்கு அணைந்து கிடந்தால், சுவரிலே வெற்றிலைச் சாறு படிந்திருந்தால், மூன்றாம் மாடியில் இருக்கும் நேர்மையான வழக்கறிஞரின் மதிப்பும் அவர் அறியாமலே ஒரு படி இறங்கிவிடுகிறது.

மற்றொரு செய்தியும் உண்டு. அது கணக்குப் பற்றியது. நம் நாட்டில் அலுவலக இடத்தை வாடகைக்கு விடும்போது, அறையின் உள்ளே பயன்படும் பரப்புக்கு மட்டும் வாடகை கேட்பது அரிது. வாயிற்கூடம், படிக்கட்டு, மின்தூக்கி, நடைபாதை ஆகிய பொதுவிடங்களில் ஒரு பங்கையும் சேர்த்தே கணக்கிடுவது வழக்கம். உதாரணத்துக்காக ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒருவர் அறையின் உள்பரப்பு 1,000 சதுர அடி. பொதுவிடப் பங்காக 300 சதுர அடி சேர்க்கப்படுகிறது. சதுர அடிக்கு மாதம் 50 ரூபாய் வீதம் அவர் கொடுப்பது 65,000 ரூபாய். அதில் 15,000 ரூபாய் அவர் அமர்ந்து வேலை செய்யாத இடத்துக்காகக் கொடுப்பது! ஆகவே, வாயிற்கூடம் கட்டடக்காரர் விரும்பினால் அளிக்கும் இனாம் அன்று. வாடகைதாரர் ஒவ்வொருவரும் மாதந்தோறும் விலை கொடுத்து வாங்கும் பொருள் அது. அதை நல்ல நிலையில் வைத்திருப்பது கொடுக்கல் வாங்கலில் நேர்மை.

இந்த உண்மையை வெளிநாட்டார் நூறாண்டுகளுக்கு முன்னரே உணர்ந்திருந்தனர். இரண்டு கட்டடங்களின் வரலாற்றைச் சொல்கிறேன்.

முதலாவது, அமெரிக்காவின் சிகாகோ நகரில் உள்ள ‘ரூக்கரி’ என்னும் கட்டடம். அந்நகரம் 1871-இல் பெருந்தீயில் அழிந்தது. அதன் பின்னர் நகராட்சியின் தற்காலிகக் கட்டடம் ஒன்று அவ்விடத்தில் இருந்தது. அதிலே பறவைகள் கூட்டமாய் வந்து அடைந்தமையால் மக்கள் அதைப் ‘பறவைக் கூடு’ என்று ஏளனமாக அழைத்தனர். அவ்விடத்தில் 1888-இல் எழுந்த புதிய கட்டடத்துக்கும் அப்பெயரே நிலைத்துவிட்டது. பர்னம், ரூட் என்னும் இரு சிற்பிகள் அதனை அமைத்தனர். மின்விளக்கு இன்னும் வலுப்பெறாத காலம் அது. வாடகைதாரர் முதலில் கேட்டது பகல் வெளிச்சத்தையே. ஆகவே கட்டடத்தின் நடுவே, நம் வீட்டு முற்றத்தைப் போலவே, வெற்றிடம் விட்டு, கீழே இரண்டு மாடி உயரத்தில் கண்ணாடிக் கூரை வேய்ந்து, ஒளி நிறைந்த ஒரு கூடத்தை அமைத்தனர்.

ஏறத்தாழ இருபதாண்டுகள் கழிந்தன. இரும்பு வேலைப்பாடு மிகுந்த அக்கூடம் பழைய பாணி என்று தோன்றலாயிற்று. புதிய கட்டடங்களோடு போட்டியிட வேண்டிய நிலை. 1905-இல் பிராங்க் லாயிட் ரைட் என்னும் இளஞ் சிற்பியிடம் அப்பணியை ஒப்படைத்தனர். அவர் கூடத்தை இடிக்கவில்லை. கண்ணாடிக் கூரையை மாற்றவில்லை. இரும்புத் தூண்களை வெண்சலவைக் கல்லால் போர்த்தி, அக்கல்லில் பொன்வரிகள் செதுக்குவித்தார். விளக்குகளை மாற்றினார். ஒளி பட்ட இடமெல்லாம் பன்மடங்கு ஒளிர்ந்தது. இருந்த சிறப்பு எது என்று கண்டு, அதனை மிகுவித்ததே அவர் செய்த வேலை.

பின்னர் வந்தவர்கள் அவ்வளவு கவனமுடையவர்களாக இல்லை. கூரை ஒழுகியது. ஒழுக்கை அடைக்கக் கண்ணாடியின்மீது கருஞ்சாயம் பூசினர். ஒழுக்கு நின்றது, ஒளியும் நின்றது! எந்த ஒளிக்காக அக்கூடம் பிறந்ததோ அந்த ஒளியே இல்லாமல் அது பல்லாண்டுகள் இருண்டு கிடந்தது. 1992 அளவில் நிறைவெய்திய திருப்பணியிலேதான் கண்ணாடிக் கூரை மீண்டும் திறக்கப்பட்டது. அப்போது ஓர் அழகிய காரியம் செய்தனர். ஒரு தூணில் மட்டும் சலவைக் கல்லைச் சற்றே விலக்கி, உள்ளேயிருக்கும் பழைய இரும்பு வேலைப்பாட்டை வருவோர் காணுமாறு விட்டுவைத்தனர். ‘எனக்கு முன்னே இன்னொருவன் இங்கே உழைத்திருக்கிறான்’ என்று அந்தத் தூண் கூறிக்கொண்டிருக்கிறது.

இரண்டாவது, நீங்கள் பெயர் அறிந்த கட்டடம்: நியூயார்க் நகரத்து எம்பயர் ஸ்டேட் கட்டடம். 102 மாடிகள். 410 நாட்களில் கட்டி முடித்து, 1931 மே முதல் நாளில் திறந்தனர். அது பெரும் பொருளாதார வீழ்ச்சிக் காலம். வாடகைக்கு வருவோர் இல்லை. நகரத்து மக்கள் ‘எம்ப்டி ஸ்டேட்’, அதாவது ‘காலி மாநிலம்’, என்று பெயரைத் திரித்துக் கேலி பேசினர். மேல்தளத்தில் ஏறிக் காட்சி காண வந்தோர் செலுத்திய கட்டணமே கட்டடத்தைக் காத்தது எனலாம். ஒரு தலைமுறை கடந்து, 1960-களில், அதன் வாயிற்கூடத்தைப் ‘புதுமைப்படுத்த’ எண்ணினர். மேல்விதானத்தில் பொன் தகடும் அலுமினியத் தகடும் கொண்டு, கதிரவனையும் கோள்களையும் இயந்திரச் சக்கரங்களைப் போலத் தீட்டிய ஓவியம் இருந்தது. அதற்குக் கீழே பிளாஸ்டிக் பலகைகளைத் தொங்கவிட்டு, குழல்விளக்குகளைப் பொருத்தினர். ஓவியம் மறைந்தது. அந்தக் கூடம் ஆயிரம் அலுவலகக் கூடங்களுள் ஒன்றாகிவிட்டது.

புதிய நூற்றாண்டு பிறந்தபின், நல்ல வாடகைதாரரைப் பெற வேண்டும் என்று கட்டடத்தார் பெரும் பணியை மேற்கொண்டனர். பலகையைக் கழற்றினர். மேலேயிருந்த ஓவியம் பழுது பார்க்க இயலாத அளவு சிதைந்திருந்தது. பழைய படங்களையும் எஞ்சிய பகுதிகளையும் ஆராய்ந்து, ஓவியர்கள் அதனைத் துணியில் புதிதாகத் தீட்டி விதானத்தில் ஒட்டினர். 2009-இல் அது திறந்துவைக்கப்பட்டது. முழுக் கட்டடத்தையும் எழுப்புவதற்கு 410 நாட்கள். அதன் கூடத்தை மட்டும் மீட்பதற்கு அதனினும் மிகுந்த காலம் பிடித்தது! கெடுப்பது எளிது, மீட்பது அரிது என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ?

ஆனால் அக்கட்டடத்தார் பொன்விதானத்தோடு நின்றுவிடவில்லை. இதை நீங்கள் சிறப்பாகக் கவனிக்க வேண்டும். அங்கே 6,514 சன்னல்கள். அவற்றைக் குப்பையில் எறியாமல், கட்டடத்தின் உள்ளேயே ஒரு பட்டறை அமைத்து, கழற்றிச் செப்பனிட்டு, வெப்பமும் குளிரும் கடவாதபடி மீண்டும் பொருத்தினர். குளிரூட்டும் இயந்திரங்களையும் திருத்தினர். ஆற்றல் செலவில் 38 விழுக்காடு குறைப்பதே குறிக்கோள் என்று அறிவித்தனர். பெரிய நிறுவனங்கள் அதன்பின் அங்கே வந்து சேர்ந்தன. பொன்விதானத்தைக் கண்டு மட்டுமா வந்தன? விதானம் உள்ளே வா என்றது. சன்னலும் மின்கட்டணமும் தங்கியிரு என்றன. அழைப்பது வேறு, தங்கவைப்பது வேறு அன்றோ?

இங்கே எங்கள் ஊர்த் தொழிலிலிருந்து ஓர் உவமை சொல்லலாம். மேல்விஷாரம், இராணிப்பேட்டை, வாணியம்பாடி, ஆம்பூர் ஆகிய பாலாற்றங்கரை ஊர்களில் தோல் பதனிடுதல் நெடுங்காலத் தொழில். பச்சைத் தோலை ஊறவைத்து, சுண்ணாம்பிலிட்டு, மயிர் களைந்து, பதனிட்டு, உலர்த்தி, இறுதியில் மேற்பூச்சும் மெருகும் கொடுப்பார்கள். நல்ல தோல் என்றால் அதன் இயல்பான வரிகள் தெரியும்படி மெல்லிய பூச்சே போதும். முள் கீறியும் உண்ணி கடித்தும் வடுப்பட்ட தோலாயின், மேற்பரப்பைத் தேய்த்து, கனமான சாயம் பூசி, செயற்கை வரிகளை அச்சிட்டு விற்பதும் உண்டு. அதுவும் பயனுள்ள சரக்கே. அதற்குரிய விலைக்கு விற்றால் குற்றம் இல்லை. ஆனால் பதனிடுதலே சரியில்லாத தோலை எந்த மெருகும் காப்பாற்றாது. இரண்டு மழைக்காலம் கண்டதும் பூச்சு வெடிக்கும். விரல்நுனியால் தடவியும் மடித்தும் பார்த்தே அனுபவசாலி அதைக் கண்டுபிடித்துவிடுவார். பிளாஸ்டிக் பலகையால் மூடிய விதானம், கனத்த சாயம் பூசிய தோல். கல்லை விலக்கிக் காட்டும் ரூக்கரித் தூண், இயல்வரி தெரியும் தோல்.

வாங்குவோரும் இக்காலத்தில் மேற்பூச்சோடு நின்றுவிடுவதில்லை. பாலாற்றுப் படுகையின் தோல் கழிவுநீர் பற்றிய வழக்கில் உச்சநீதிமன்றம் 1996 ஆகஸ்டில் தீர்ப்பளித்தது. மாசு விளைத்தவரே அதனைத் தீர்க்கும் செலவையும் ஏற்க வேண்டும் என்னும் கொள்கையை அது வலியுறுத்தியது. வெளிநாட்டிலிருந்து கொள்முதலுக்கு வருபவர் மாதிரித் தோல்களை அடுக்கி வைத்த குளிர் அறையில் தேநீர் அருந்திவிட்டு, ‘கழிவுநீர் எங்கே போகிறது, காட்டுங்கள்’ என்றும் கேட்கிறார். வாடகைக்கு வரும் அறிவாளியும் அவ்வாறே. வாயிற்கூடத்துச் சலவைக் கல்லைப் பாராட்டிவிட்டு, ‘நான்காம் மாடிக் குழாயில் தண்ணீர் வருகிறதா?’ என்று கேட்பார்.

நான் ஆசிரியத் தொழிலில் இருந்த காலத்தில் ஒரு பள்ளியைக் கண்டதுண்டு. மேலதிகாரி பார்வையிட வரும் நாளுக்கு முன்பு, முன் தாழ்வாரத்துக்கு மட்டும் வெள்ளையடிப்பார்கள். வந்த அதிகாரி ஒருமுறை நேராகப் பின்கட்டுக்குச் சென்று, பிள்ளைகளின் குடிநீர்த் தொட்டியின் மூடியைத் திறந்து பார்த்தார். வெள்ளையடித்த செலவு அந்தக் கணமே வீணாயிற்று.

இனி, நம் தலைநகருக்குச் செல்வோம். சென்னை அண்ணா சாலையில் 1959 ஆகஸ்டு 23-இல் திறக்கப்பெற்ற எல்.ஐ.சி. கட்டடம், 177 அடி உயரத்தோடு, அந்நாளில் நாடே வியந்த மாளிகை. 1975-இல் அது பெருந்தீயில் சிக்கியது. பின்னர்ச் செப்பனிடப்பட்டு மீண்டும் பயனுக்கு வந்தது. உயர்ந்த கட்டடங்களில் தீயைப் பற்றி எண்ணும்போது, வாயிற்கூடத்தின் மற்றொரு முகம் நமக்குப் புலனாகிறது. அது உள்ளே வரும் வழி மட்டுமன்று; வெளியே போகும் வழியும் அதுவே. ஆபத்து வேளையில், புகையில், நூற்றுக்கணக்கானோர் அவ்வழியே ஓட வேண்டியிருக்கும். அழகுக்காக வைத்த நீரூற்றும், கண்ணாடித் தடுப்பும், பூந்தொட்டி வரிசையும் அப்போது எமனாகிவிடக் கூடாது. புதுப்பிக்கும் ஒவ்வொரு திட்டத்திலும் முதற் கேள்வி, ‘எல்லோரும் இவ்வழியே விரைவாக வெளியேற முடியுமா?’ என்பதாக இருத்தல் வேண்டும்.

அதே சாலையில் மற்றொரு கட்டடம். 1897-இல் ஒரு மருந்து வாணிக நிறுவனத்துக்காகக் கட்டப்பட்டு, 1934-இல் பாரத் இன்சூரன்ஸ் நிறுவனத்தின் கைக்கு வந்து, ஆயுள் காப்பீடு நாட்டுடைமையான பின்னர் எல்.ஐ.சி.யைச் சேர்ந்த பாரத் கட்டடம் அது. கோபுரங்களும் வளைவுகளும் கொண்ட அம்மாளிகை போதிய பராமரிப்பின்றித் தளர்ந்தது. 2006-இல் இடிக்கத் தொடங்கினர். பாரம்பரியத்தைக் காக்க முனையும் இன்டாக் அமைப்பு நீதிமன்றத்தை நாடியது. 2010-இல் சென்னை உயர்நீதிமன்றம் இடித்தலைத் தடுத்துத் தீர்ப்பளித்தது. இதிலே நாம் கற்பது யாது? தீர்ப்பினால் இடிப்பவர் கையைத் தடுக்கலாம். ஒழுகும் கூரையை அடைக்க முடியாது. ஆண்டுதோறும் சிறிது செலவழித்துப் பேணியிருந்தால், நீதிமன்றம் வரை செல்லும் நிலையே வந்திராது. ‘புதுப்பிப்பதா, இடிப்பதா’ என்ற கேள்வி ஒருநாளில் எழுவதன்று. பெருக்காத படிகளிலும் மாற்றாத விளக்குகளிலும் அது பல்லாண்டுகள் வளர்ந்து வருகிறது.

இங்கே ஒரு நியாயமான ஆட்சேபம் எழக்கூடும். ‘வாயிற்கூடம் அழகானால் வாடகை உயரும், வாடகை உயர்ந்தால் நெடுநாள் இருந்த சிறியவர் வெளியேற நேருமே?’ என்று நீங்கள் கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். எம்பயர் ஸ்டேட் கட்டடத்திலேயே சிறு நிறுவனங்கள் பல இருந்த இடங்களை ஒன்றாகச் சேர்த்து, பெரிய நிறுவனங்களுக்கு அளிப்பதே கட்டடத்தாரின் கொள்கையாயிற்று. வாணிக நோக்கில் அது இலாபமான கொள்கை. ஆனால் ஓர் அறையில் தட்டச்சுப் பொறியோடு தொழில் தொடங்கி, முப்பதாண்டுகள் ஒழுங்காக வாடகை செலுத்தியவரின் நிலை என்ன? கட்டடம் காலியாக இருந்த நாளில் விளக்கெரிய வைத்தவர் அவரன்றோ? புதியவரை அழைக்கும் ஆவலில் பழையவரைத் துரத்துவது, விருந்தினருக்கு இலை போட வீட்டுப் பெரியவரை எழுப்பிவிடுவது போன்றது. வாடகையைப் படிப்படியாக உயர்த்துதல், பழையவருக்குச் சிறிய அறைகள் சிலவற்றை ஒதுக்கிவைத்தல், வேலை தொடங்குமுன் அவர்களைக் கலந்து பேசுதல் ஆகிய வழிகள் இல்லாமற் போகவில்லை. வேண்டுவது மனம்.

அவ்வாறே, வாயிற்கூடம் யாருக்கெல்லாம் திறந்திருக்கிறது என்றும் பார்க்க வேண்டும். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-இல் இயற்றப்பட்டது. பொதுமக்கள் வந்துபோகும் கட்டடங்கள், தனியாருடையவையாயினும், சக்கர நாற்காலியில் வருவோரும் அணுகத்தக்கனவாய் இருத்தல் வேண்டும் என்பது அதன் கருத்து. பளிங்குப் படிகள் ஐந்தை அமைத்துவிட்டுச் சாய்தளம் அமைக்க மறந்தவர், அழைப்பிதழை அச்சடித்துவிட்டுக் கதவைத் தாழிட்டவர் ஆவார். வாயிற்காவலரும் அங்கேதான் நாள் முழுவதும் நிற்கிறார். பன்னிரண்டு மணி நேரம் நிற்பவருக்கு ஒரு நாற்காலி இல்லாத கூடத்தில் பன்னிரண்டு விளக்குகள் தொங்கினும், அது இருண்ட கூடமே.

அப்படியானால், செய்ய வேண்டியதன் வரிசை என்ன? முதலில் கூரையும் குழாயும். அடுத்து மின்கம்பிகளும் வெளியேறும் வழியும். மூன்றாவதாக வெளிச்சமும் காற்றும். நான்காவதாக, எந்த மாடியில் யார் என்று தமிழிலும் ஆங்கிலத்திலும் தெளிவாக எழுதிய பலகை. ஐந்தாவதாக அமர இடமும் குடிக்க நீரும். இவையனைத்தும் முடிந்த பின்னரே சலவைக் கல்லும் ஓவியமும். அதற்கு முன்பு, பழைய பூச்சின் அடியில் என்ன இருக்கிறது என்று ஓரிடத்தில் சுரண்டியும் பார்த்துவிட வேண்டும். நம் பழைய கட்டடங்களில், பலகைக்கும் சாயத்துக்கும் பின்னால், தேக்கு விட்டங்களும் செட்டிநாட்டுப் பூச்சும் மறைந்து கிடப்பதுண்டு. புதியது வாங்குமுன் இருப்பதை அறிதல் சிக்கனமும் ஆகும், அறிவும் ஆகும்.

மாணவர்களே, உங்களுக்கு ஒரு சிறு பயிற்சி தந்து முடிக்கிறேன். அடுத்த முறை வங்கிக்கோ, மருத்துவமனைக்கோ, அலுவலகத்துக்கோ செல்லும்போது வாயிற்கூடத்தில் இரண்டு நிமிடம் நின்று பாருங்கள். முதியவர் ஒருவர் உள்ளே வந்தால் யாரையும் கேளாமலே வழி அறிவாரா? சக்கர நாற்காலி ஏறுமா? விளக்கு அணைந்தால் வெளியே போகும் வழி தெரியுமா? காவலருக்கு நாற்காலி உண்டா? ஒரு தாளில் குறித்துக்கொண்டு, பிறகு மேல்மாடிக்குச் சென்று, கீழே கண்டதும் மேலே காண்பதும் ஒத்திருக்கின்றனவா என்று ஒப்பிடுங்கள். உங்களுள் சிலர் நாளை பொறியியலார் ஆவீர்கள். சிலர் கட்டடங்களுக்கு உரியவராவீர்கள். பலர் வாடகைக்கு இடம் தேடுவீர்கள். மூவருக்கும் இந்தக் கணக்குப் பயன்படும்.

வாயிற்கூடம் என்பது கட்டடம் வருவோருக்குத் தரும் வாக்கு. வாக்கை இனிமையாகச் சொல்வதில் தவறில்லை. இனிமையாகவே சொல்ல வேண்டும். சொன்ன வாக்கை எல்லா மாடிகளிலும் காப்பாற்றுவதே புதுப்பித்தல்.